பாறையில் ஏறிய நீளக் கழுத்து

தம்பி,

நலமா, சாப்பிட்டாயா என்பதையெல்லாம் போனில் கேட்டுவிட்டேன். நீயும் ‘ம்’ என்று சொல்லிவிட்டாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. இந்தக் கடிதம் மஸ்கட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கிற பத்து வயதுப் பையனுக்கு இல்லை. மீசை முளைத்து, படிப்பு முடித்து, எந்த ஊரிலோ வேலை பார்த்துக்கொண்டு, அப்பாவின் போனை இப்போதே எடுக்கலாமா, அப்புறம் கூப்பிடலாமா என்று யோசிக்கப் போகிற இருபத்தைந்து வயது ஆளுக்கு. அந்த ஆளிடம் என்னால் பேச முடியும் என்று தோன்றுகிறது. பத்து வயதுக்காரனிடம் எனக்குப் பேசத் தெரியாது. போன காணும் பொங்கலன்று அது நிரூபணம் ஆகிவிட்டது.

முந்தாநாள் உன் அம்மா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்ததும் கூப்பிட்டாள். குரலிலேயே புகார் இருந்தது.

“என்னங்க, உங்க மகன் ரெண்டு நாளா ஸ்கூல்ல சண்டை.”

“எதுக்கு?”

“அந்தப் பாறை டைனோசருக்குத்தான். யாரோ வீடியோ போட்டிருக்காங்களாமே, மதுரைப் பக்கத்துல மனுசனும் டைனோசரும் ஒண்ணா வாழ்ந்ததுக்கு ஆதாரம்னு. இவன் கிளாஸ் பூரா பார்த்திருக்கு. இவன் எந்திரிச்சு, அது பொய்யி, கழுத்து மட்டும் பிற்பாடு எவனோ அடிச்ச பெயின்ட்டுன்னு சொல்லியிருக்கான். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருக்காங்க. எங்கப்பா சொன்னாருன்னிருக்கான். உங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான், கையை நீட்டிட்டான். சட்டைப் பொத்தான் ரெண்டு காணோம்.”

போனை இந்தக் காதில் இருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“லைன்ல இருக்கீங்களா இல்லையா? அது உங்க பேச்சை நம்பி ஊரோட மல்லுக்கு நிக்குது. நீங்க என்னடான்னா ஊமையாட்டம் நிக்கிறீங்க.”

அந்தப் பையன்கள் கேட்டது நியாயமான கேள்வி. உங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்? நீ என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. கேட்காமலே நம்பினாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா முதலில் மஸ்கட் போய், நீ அவளிடம் போகும்வரை பத்து மாதம் ஒத்தக்கடை வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் சுட்ட தோசைகளைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த வீட்டில் டைனோசர் இல்லாத மூலை கிடையாது. ஃப்ரிட்ஜ் கதவு முழுக்க நீ ஒட்டிய துண்டுத் தாள்கள்: பெயர், வால் நீளம், எடை, என்ன தின்னும். நான் குளித்துக்கொண்டிருப்பேன், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, “அப்பா, டி-ரெக்ஸுக்கு முதுகு அரிச்சா என்ன செய்யும்? கைதான் குட்டையா இருக்கே?” என்பாய். “செவத்துல தேய்க்கும். குளிக்க விடுறா” என்பேன். இப்போது நிம்மதியாகக் குளிக்கிறேன். அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது ஒத்தக்கடைப் பள்ளியில் உன்னோடு படித்த பையன் ஒருவன்தான் முதலில் சொன்னான், அவன் ஊர்ப் பாறையில் டைனோசர் படம் இருக்கிறது என்று. மேலூர் ரோட்டில் இருந்து உள்ளே போக வேண்டிய ஊர். பெயரைக் கேட்டதும், பல வருஷத்துக்கு முன் கால்வாய் சர்வே வேலைக்கு அங்கே போயிருக்கிறேன் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என் தொழிலில் எத்தனையோ ஊர், எத்தனையோ பாறை. காணும் பொங்கலன்று பைக்கில் கிளம்பினோம். நீ சட்டைக்குள் ஜாமெட்ரி பாக்ஸைச் செருகியிருந்தாய். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அதன் மூலை என் முதுகில் குத்தியது. யானைமலையைத் தாண்டும்போது வழக்கம்போல அதன் துதிக்கை எது, நெற்றி எது என்று எனக்குக் காட்டினாய். நான் பிறந்ததில் இருந்து பார்க்கிற மலை அது. ‘தெரியும்டா’ என்று வெடுக்கென்று சொன்னேன். இப்போதெல்லாம் அந்த வழியில் போனால், யாராவது எனக்கு அந்தத் துதிக்கையைக் காட்டமாட்டார்களா என்றிருக்கிறது.

அந்தப் பாறை ஞாபகம் இருக்கிறதா? நாக்கை நீட்டியது மாதிரி மேலே ஒரு பெரிய பலகைக் கல். அதன் அடியில் மழை படாத சுவர். அதில் வெள்ளை நிறத்தில் கையைத் தூக்கி ஆடுகிற மனிதர்கள், ஒரு குதிரை, அப்புறம் அது. உடம்பு, பின்னங்கால்கள், முதுகின் மேல் முள் முள்ளாக ஏதோ, நெஞ்சில் இருந்து வளைந்து வளைந்து மேலே ஏறுகிற கழுத்து, முனையில் உருண்டைத் தலை, தலை நடுவில் ஒரு புள்ளிக் கண். முன்னங்கால் இருக்க வேண்டிய இடம் மட்டும் தேய்ந்து கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் நீ கத்தினாய்.

“அமர்காசாரஸ்! அப்பா, அமர்காசாரஸ்ப்பா! முதுகுல முள்ளு, கழுத்து நீளம். வேற எதுக்கும் இப்படி இருக்காது.”

“அது அர்ஜென்டினாடா. நீதான சொன்ன.”

“அப்ப எல்லாக் கண்டமும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுப்பா. நடந்தே வந்திருக்கும்.”

“மேலூருக்கா?”

“ஏன், மேலூருக்கு வரக் கூடாதா?”

என் போனைப் பிடுங்கிப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாய். அவளும் அந்த நிமிஷமே ‘என் மகன் கண்டுபிடித்த டைனோசர்’ என்று ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். பிறகு நீயே தலையில் அடித்துக்கொண்டாய்: “அய்யோ, ஸ்கேல் வைக்கலப்பா.” நான் ட்ரோன் படங்களோடு வேலை பார்க்கும்போது உனக்குச் சொன்னது அது. ஸ்கேல் இல்லாத போட்டோ போட்டோவே இல்லை. பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இல்லாவிட்டால் எலியும் யானையும் ஒன்றுதான். அதைப் பத்து வயதில் யாரடா பின்பற்றுவார்கள்? நீ பாக்ஸைத் திறந்து உன் ஆறு அங்குல ஸ்கேலை எடுத்தாய். என் தோளில் ஏறி நின்று அதைக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்தாய். நான் கீழிருந்து போனைத் தூக்கிப் பிடித்து எடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாய். உன் குதிகால்கள் இரண்டும் சில்லென்று இருந்தன.

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு தப்பான விடை என் முன்னால் நிற்கும்போது எனக்குப் பொறுக்காது. இறக்கிவிட்டு ஆரம்பித்தேன். “ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்க. இந்த மாதிரி படம் வரைஞ்சு சுமார் ரெண்டாயிரம் வருஷம். ரெண்டு மீட்டர். நம்ம வீட்டு வாசல்ல இருந்து கேட் வரைக்கும்கூட வராது. மனுசன்னு ஒருத்தன் வந்து மூணு லட்சம் வருஷம். முந்நூறு மீட்டர். பஸ் ஸ்டாப் வரைக்கும். கடைசி டைனோசர் செத்து ஆறரைக் கோடி வருஷம் ஆச்சு. அறுபத்தஞ்சு கிலோமீட்டர். கிட்டத்தட்ட திண்டுக்கல். நீ கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு திண்டுக்கல்லுல நிக்கிறவனைப் பார்த்து வரைஞ்சேன்னு சொல்ற.”

“படம் இருக்கே. பார்க்காம எப்படிப்பா வரைவாங்க?”

“கோயில்ல யாளி பார்த்திருக்கேல்ல? சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. எங்கயாவது யாளி எலும்பு கிடைச்சிருக்கா?”

நீ சுவரை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு சொன்னாய்: “சிங்கத்தையும் யானையையும் பார்த்துத்தான யாளி செஞ்சாங்க? அப்ப இதை எதைப் பார்த்து செஞ்சாங்க?”

அன்றைக்குப் பேசப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். டைனோசர் இல்லை என்பதோடு என் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்படியானால் அது என்ன என்று நீ கேட்டாய். பதில் இல்லாதபோது என் குரல் ஏறும். அது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். “லூசு மாதிரி பேசாதடா. கண்ட வீடியோவையும் பார்த்துப் பார்த்து மூளை மழுங்கிப்போச்சு” என்று கத்தினேன். பாறைக்குள் குரல் பெரிதாகக் கேட்டது. நீ ஸ்கேலை பாக்ஸில் வைத்து மூடினாய்.

அதோடும் விடவில்லை. பாறை ஓவியங்களின் மங்கிய நிறத்தைப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்று என் போனில் இருந்தது. அதில் படத்தைப் போட்டேன். ஆடும் மனிதர்கள், குதிரை, இதன் உடம்பு எல்லாம் நீல நிறமாக மாறின. கழுத்தும் தலையும் மட்டும் மஞ்சளாக நின்றன. “பார்த்தியா! கழுத்து வேற, உடம்பு வேற. பின்னாடி எவனோ அடிச்ச எனாமல் பெயின்ட்” என்றேன். ஜெயித்த சந்தோஷம் எனக்கு. சந்தேகம் தீர மறுபடி உன்னைத் தோளில் ஏற்றி, நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். மேலே இருந்து உன் குரல் வந்தது.

“அப்பா, கண்ணு இருக்குல்ல?”

“ஆமா.”

“அது ஆணிப்பா. அடியில வட்டமா தகடு வச்சு அடிச்சிருக்கு.”

தம்பி, அந்த ஆணியைப் பார்க்க நான் சட்டென்று அண்ணாந்தேன். நீ விழுந்துவிடுவோமோ என்று பயந்து என் தலைமுடியைப் பிடித்தாய். கான்கிரீட் ஆணிக்கு அடியில் வாஷர் வைத்து அடிப்பது எங்கள் சர்வே குழுவின் பழக்கம். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

நீ பிறப்பதற்கு முந்தின கதை. டிப்ளமோ முடித்த கையோடு நானும் உன் அன்வர் மாமாவும் சர்வே வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் இருபத்தொரு வயது. புதுக் கால்வாய்க்கு அளவு எடுக்க வேண்டும். கண்மாய்க் கரையில் கருவியை வைத்தால் தூரத்தில் இருந்து பார்க்க ஒரு நிலையான குறி வேண்டும்: அழியக் கூடாது, மழை படக் கூடாது, உயரத்தில் இருக்க வேண்டும். அந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், எனக்கு இரண்டாயிரம் வருஷம் முன்னால் அங்கே வரைந்தவனும் இதே காரணங்களுக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருப்பான். அன்வர் தோளில் ஏறி ஆணி அடித்தேன். அதைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில் ஒரு வட்டம். கீழே கண் மட்டத்தில் குறியின் எண், எஸ்-14. எண்ணையும் வட்டத்தையும் இணைத்து ஒரு கோடு, வரைபடத்தில் போடுவது மாதிரி. பாறை புடைத்திருந்ததால் கோடு வளைந்துபோனது. சுவரில் மங்கலாக ஏதோ கிறுக்கல் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். ஆடு மேய்க்கிறவர்கள் கிறுக்கியிருப்பார்கள் என்று நினைத்து அதன் மேலேயே பிரஷ்ஷை ஓட்டினேன். நிழல் நன்றாக இருந்ததால் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

நீ தோளில் இருந்தபடியே கேட்டாய்: “யாருப்பா இப்படி அடிச்சது?”

“யாரோ ஒரு முட்டாப்பய.”

“யாருன்னு தெரிஞ்சா நல்லா திட்டணும்பா. பழைய படத்துக்கு மேல போயி அடிச்சிருக்கான் பாரு.”

“திட்டுவோம். இறங்கு.”

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். வீடுவரை அதையே சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்திருப்பாய். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் உன்னை லூசு என்றிருந்தேன். அந்த வாயால் எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். ஃப்ரிட்ஜ் வெள்ளையாக இருந்தது. தாள் எல்லாவற்றையும் நீயே கிழித்துவிட்டிருந்தாய். பசை இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. மார்ச் கடைசியில் உன்னை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விமான ஊழியரிடம் ஒப்படைத்தேன். “போயிட்டு வாரேன்பா” என்றாய். திரும்பிப் பார்ப்பாய் என்று வரிசை நகரும்வரை நின்றேன். நீ பையைப் பார்த்துக்கொண்டு போனாய். புது வேலை என்று உன் அம்மாவுக்குக் கோடை லீவு கிடைக்கவில்லை. இப்போது ஐப்பசி. தினம் போன் செய்கிறேன். ‘ம்’, ‘சாப்பிட்டேன்’, ‘அம்மாகிட்ட தரவா’. மூன்றே பதில். என் கணக்கை நீட்டிப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால், மஸ்கட் ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி வருஷ தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு பின்னால் போனால் பூமியில் டைனோசர் என்ன, மீன்கூடக் கிடையாது.

முந்தாநாள் உன் அம்மா போனை வைத்ததும் அன்வருக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டே கூப்பிட்டான்.

“மாப்ள, நம்ம எஸ்-பதினாலுடா அது! அல்லா சத்தியமா சொல்றேன், வாஷர் தெரியுது. அன்னைக்கு என் தோள்பட்டை போனது வீண் போகலடா.”

“சிரிக்காதடா. என் மகன் அடி வாங்கிட்டு வந்திருக்கான்.”

அவன் உடனே அடங்கிவிட்டான். “எப்பப் போறோம்?” என்று மட்டும் கேட்டான்.

நேற்று காலையில் இரண்டு பேரும் போனோம். மழை விட்டிருந்தது. அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களை மறித்தாள். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

“டைனோசர் பார்க்க வந்தியளா? நாலு நாளா காரு காரா வாராய்ங்க. ஆடு மிரளுது.”

“அது டைனோசர் இல்லக்கா.”

“எங்களுக்குத் தெரியாதாக்கும்? நான் கலியாணம் முடிச்சு வந்தப்பக் கழுத்து கிடையாது. பெறகு ரெண்டு பயலுக வந்து நம்பர் எழுதிட்டுப் போனாய்ங்க. பாறையில நம்பர் விழுந்தா அடுத்து வெடி வைக்க வருவாய்ங்கன்னு ஊரே பயந்துபோச்சு. கல்லை எடுத்துத் தேச்சோம். எட்டுன மட்டும் தேச்சோம். கழுத்து எட்டல, விட்டுட்டோம்.”

நான் அன்வரைப் பார்த்தேன். அவன் ஆடுகளைப் பார்த்தான்.

“அந்த ரெண்டு பயலுக நாங்கதான்கா. கால்வாய்க்கு அளவெடுக்க வந்தோம். வெடிக்கு இல்ல.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லா இருப்ப நீ. அதை அன்னைக்கே ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? ஆறு மாசம் ஆளு மாத்தி ஆளு காவல் இருந்தோம்டா இந்தப் பாறைக்கு. எம்புட்டு வேலை கெட்டுச்சு தெரியுமா?”

ஒரு வார்த்தை. அன்றைக்கும் அதைத்தான் நான் சொல்லாமல் வந்திருக்கிறேன். அவர்கள் தேய்த்ததில் என் எண் போனது; அதோடு அந்த மிருகத்தின் முன்னங்கால்களும் போய்விட்டன.

நெருக்கத்தில் படம் எடுக்க மறுபடியும் அன்வர் தோளில் ஏறினேன். “அப்ப அம்பது கிலோ இருந்த. இப்ப எம்புட்டுடா இருக்க? சீக்கிரம் எடுத்துட்டு இறங்கு, செத்துருவேன்” என்று முனகிக்கொண்டே இருந்தான். எனாமலைச் சுரண்டவில்லை, சுரண்டினால் அடியில் இருக்கிற பழைய நிறமும் சேர்ந்து வந்துவிடும். மதியம் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில், செயலியில் மஞ்சளாகத் தெரிந்த என் பெயின்டை மட்டும் படத்தில் இருந்து நீக்கினேன். அப்போதுதான், பத்து மாதத்துக்கு முன் நீ கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தது.

அது மான். கழுத்து குட்டை. தலையைத் திருப்பித் தன் முதுகுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ முள் என்று சொன்னது அதன் கொம்பு. தலை முன்னால்தான் இருக்கும் என்று எல்லோரும் முன்னால் தேடினோம். அங்கே என் கழுத்து தயாராக இருந்தது. எடுத்துக்கொண்டோம். அந்த மான் எதைத் திரும்பிப் பார்க்கிறது என்று தெரியவில்லை. அதற்குப் பின்னால் சுவரில் ஒன்றும் இல்லை.

இருபத்தைந்து வயதுக்காரா, உனக்கு அப்பாவாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரு பழைய படத்தை யாராவது நீட்டி ‘இதோ ஆதாரம்’ என்றால், வரைந்தவன் யார், எப்போது, எதன் மேல், அதற்குப் பிறகு எவன் எவன் கை அதில் பட்டது என்று கேள். இவ்வளவும் தெரிந்தாலும் படம் சொல்வது வரைந்தவன் மனதில் என்ன இருந்தது என்பதை மட்டும்தான். மனிதனும் டைனோசரும் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்றால் இரண்டு பேருடைய எலும்பும் ஒரே மண் அடுக்கில் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. கிடந்தால் நானே முதல் ஆளாக ஒத்துக்கொள்வேன். அப்புறம் இன்னொன்று. ‘எங்கப்பா சொன்னார்’ என்பதும் ஆதாரம் இல்லை. உன் அப்பா பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிய ஆள். நம்பிக்கொண்டு சட்டையைக் கிழித்துக்கொள்ளாதே.

இந்த இடத்தில் நேற்று நிறுத்தினேன். கடிதத்தை ஒரு கவரில் போட்டு, பதினைந்து வருஷம் கழித்துப் பிரிக்கவும் என்று மேலே எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதும்போதுதான் உறைத்தது: இதுவும் அதே வேலைதான். தோளில் இருந்த பையனிடம் சொல்ல வேண்டியதை யாரோ ஒரு மீசைக்காரனிடம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். மஸ்கட்டில் ஞாயிற்றுக்கிழமையே பள்ளி; நீ அந்த வகுப்புக்குத்தான் போக வேண்டும். பதில் உனக்கு இப்போது வேண்டும்.

கவரைக் கிழித்துப் போட்டேன். தொல்லியல் துறைக்கு நடந்ததை என் பெயரோடு எழுதி அனுப்பினேன். இந்தக் கடிதத்தை, அந்தப் படம் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் எல்லோரும் படிக்கிற மாதிரி போடப்போகிறேன். அதற்கெல்லாம் முன்னால், இன்று காலை உன் அம்மாவின் போனுக்கு மூன்று படங்கள் அனுப்பினேன்: கழுத்தோடு ஒன்று, கழுத்தை எடுத்த பிறகு ஒன்று, ஆணியும் வாஷரும் மட்டும் ஒன்று. கீழே ஒரு குறிப்பு. ‘கழுத்து நான் அடிச்சது. நீ பிறக்கும் முன்னாடி. பொங்கலன்னைக்கே தெரியும், சொல்லல. உன்னைப் பார்த்துக் கத்துனதும் தப்பு.’

படித்துவிட்டாய் என்று நீலக் குறி வந்தது. சட்டை இஸ்திரி போட்டேன். அதே சட்டையை மறுபடியும் இஸ்திரி போட்டேன். அப்புறம் ஒரு குரல் பதிவு வந்தது. அப்படியே இங்கே எழுதுகிறேன், எனக்காகத்தான்.

“அப்ப அந்த முட்டாப்பய நீதானாப்பா?”

ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு ஒரே மூச்சில் எல்லாமும்:

“நான் திட்டணும்னு சொன்னேன்ல, நேர்ல வந்து திட்டுறேன். அன்வர் மாமாவையும் திட்டுவேன். அம்மா சிரிச்சுக்கிட்டே இருக்கு. அப்பா, அது மான்னா என்ன மானு? புள்ளிமானா, கடமானா? கொம்புல எத்தனை கிளை இருக்கு, எண்ணுனியா? நான் எண்ணுனா ஒரு பக்கம் மூணு வருது, இன்னொரு பக்கம் தெரியல. அது ஏன் பின்னாடி பார்க்குது? குட்டி வருதான்னு பார்க்குதோ என்னமோ. அப்புறம் ஸ்கேல் எங்கப்பா? மூணு படத்துலயும் ஸ்கேலே இல்ல. ஸ்கேல் இல்லாத போட்டோ போட்டோவே இல்லன்னு நீதான சொன்ன? இதைக் கொண்டுபோயி கிளாஸ்ல காட்டுனா எவன் நம்புவான்? ஒழுங்கா எடுத்து அனுப்பு.”

நாற்பது நொடிதான் இருக்கும். மார்ச்சில் இருந்து நீ என்னிடம் பேசிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

ஸ்கேல் வைக்க மறந்துவிட்டேன் தம்பி. உண்மையைச் சொன்னால், மறக்கவில்லை. அது உன் ஜாமெட்ரி பாக்ஸில் அங்கே இருக்கிறது, அதற்குப் பதிலாக வேறு ஸ்கேலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது கேட்டால் அந்த ஆணிப் படத்தைக் காட்டு. வாஷரின் அகலம் முப்பது மில்லிமீட்டர், வாங்கியவன் நான்தான், தைரியமாகச் சொல்லலாம். ஒழுங்கான படத்துக்கு டிசம்பர் லீவில் நீயே ஸ்கேலோடு வா. அன்வர் மாமா இனிமேல் யாருக்கும் தோள் தருவதில்லை என்று சொல்லிவிட்டார். என் தோள் இருக்கிறது.